ஒராலியாவின் முறை

எடல்டாலில் எந்தக் கடைச் சன்னலில் ஜெரேனியம் பூத்தொட்டி வாடிக் கிடந்தாலும் அது ஒராலியாவின் கண்ணுக்குத் தப்பாது. இருபத்திரண்டு வருடமாக அவள் ஊரின் தோற்றக் குழுவில் இருக்கிறாள். கடைப் பலகையில் எழுத்து ஜெர்மனியின் பவேரியா பாணியில் கொழுத்து வளைந்து இருக்க வேண்டும். கூரை சரிவாக இறங்க வேண்டும். பெட்ரோல் பங்க்காகவே இருந்தாலும் மர பால்கனி ஒன்று வேண்டும், அதில் யாரும் ஏறி நிற்கப் போவதில்லை என்றாலும். நாடு முழுக்க ஒரே பிளாஸ்டிக் பலகையை மாட்டுகிற பர்கர் கம்பெனிக்காரனையே இந்த ஊரில் மரப் பலகை செதுக்க வைத்தவள் அவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாள் என்று கடைக்காரர்கள் அவள் போன பிறகு அலுத்துக்கொள்வார்கள். அலுத்துக்கொண்டே பூத்தொட்டிக்குத் தண்ணீரும் ஊற்றுவார்கள்.

இத்தனைக்கும் அந்த ஊரை ஜெர்மன்காரர்கள் யாரும் உண்டாக்கவில்லை. வாஷிங்டன் மாநிலத்து மலையடிவாரத்தில் அது மரம் அறுக்கிற ஊராக இருந்தது. பேர் ஹார்லன் மில். மில் மூடியது, ரயில் வேறு பக்கமாகப் போனது, பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அறுபது வருடத்துக்கு முன் நாலு பேர் உட்கார்ந்து யோசித்தார்கள். நம்மிடம் மலை இருக்கிறது, பனி இருக்கிறது, நாம் ஏன் பவேரியா ஆகிவிடக் கூடாது என்றார் ஒருவர். அந்த நாலு பேரில் யாரும் பவேரியாவைப் பார்த்ததில்லை. ஒரு பேங்க் காலண்டரில் படம் பார்த்திருந்தார்கள், அவ்வளவுதான். முகப்புகள் மாறின, ஊர்ப் பேர் எடல்டால் என்று மாறியது, சுற்றுலாக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். அமெரிக்காவில் இதெல்லாம் அதிசயம் இல்லை. யார் வேண்டுமானாலும் எதுவாக வேண்டுமானாலும் ஆகலாம் என்பதுதான் அங்கே பள்ளிக்கூடத்தில் முதல் பாடம். ஒராலியா அந்தப் பாடத்தை முழுசாக நம்பினாள். அவள் செய்த தப்பு அதுதான்.

அவள் அம்மா கொன்சுவேலோ பேரிக்காய் பறிக்க மெக்சிகோவிலிருந்து வந்தவள். பறிக்க வந்தவள் பழங்களைப் பெட்டியில் அடுக்குகிற வேலைக்கு மாறி, அங்கேயே தங்கிவிட்டாள். ஒராலியா பிறந்தது மில்லுக்குப் பின்னால் இருந்த கிளினிக்கில், இரண்டாம் நம்பர் அறையில். அம்மா பிள்ளைகளோடு ஸ்பானிஷ் பேசவே மாட்டாள். "நீங்க அமெரிக்கப் பிள்ளைங்க, அமெரிக்கா மாதிரி பேசுங்க" என்பாள், கோபம் வந்தால் மட்டும் தன் மொழியில் திட்டுவாள். அதனால் ஒராலியாவுக்கு ஸ்பானிஷில் பத்து வரை எண்ணத் தெரியும், ஒரு ஜெபம் தெரியும், திட்டுகள் நன்றாகவே தெரியும். ஜெர்மன் பாட்டு என்றால் நாற்பது பாட்டு, ஒரு வரி பிசகாமல் பாடுவாள்.

பதினேழு வயதில் ஊர் நடனக் குழுவில் சேர்ந்தாள். மார்பில் கயிறு கோத்து இறுக்கி, இடுப்பில் ஏப்ரன் கட்டுகிற டிர்ன்டல் உடையை முதல் தடவை போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, நாமும் இந்த ஊர்ப் பெண்தான் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. அதற்குப் பிறகு ஊரில் பாதிப் பேருக்கு அந்த உடையைத் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். கல்யாணமாகாதவள் ஏப்ரன் முடிச்சை இடப்பக்கம் போட வேண்டும், கல்யாணமானவள் வலப்பக்கம், புருஷனை இழந்தவள் பின்பக்கம். இதையெல்லாம் ஊருக்கே சொல்லிக்கொடுத்தாள். அவளுடைய முடிச்சு ஆறு வருடமாகப் பின்பக்கம் இருக்கிறது.

வெல்டா ஸ்ட்ரௌட் மட்டும் முப்பத்தெட்டு வருடமாகத் தப்பான பக்கமே போட்டாள். ஒவ்வொரு விழாவிலும் ஒராலியா அவளை இழுத்து நிறுத்தி, "ஏன்டி, உனக்கு இன்னும் மாப்பிள்ளை தேடறியா?" என்று அவிழ்த்துக் கட்டிவிடுவாள். வெல்டா நெப்ராஸ்காவில் பிறந்தவள். இந்த ஊரில் மோட்டல் வைத்திருந்தவனைக் கட்டிக்கொண்டு இருபது வயதில் வந்து சேர்ந்தாள். வந்த அன்றைக்கு அவளுக்கு அடுப்பு பற்றவைக்க உதவியது ஒராலியாதான். ஒராலியாவின் புருஷன் செத்தபோது பத்து நாள் கூடவே படுத்துக்கொண்டது வெல்டாதான். அக்கா தங்கையாகக் கூடப் பிறந்திருந்தால் இத்தனை ஒட்டுதல் இருந்திருக்காது. இப்போது தோற்றக் குழுவுக்கும் விழாவுக்கும் வெல்டாதான் தலைவி.

ஊரின் பெரிய மரியாதை ஒன்று உண்டு. இலையுதிர் விழாவில் நாலு குதிரை பூட்டிய பீர் பீப்பாய் வண்டி முதலில் வரும். அதில் விழாத் தாய் உட்கார்ந்து வருவாள். சதுக்கத்தில் இறங்கி, மரச் சுத்தியலால் பீப்பாயில் குழாயை அடித்து இறக்கி, "எங்கள் ஊருக்கு வாருங்கள்" என்று மைக்கில் சொல்வாள். ஊருக்கு அதிக வருடம் உழைத்த பெண்ணுக்கு, ஆயுளில் ஒரே ஒரு தடவை. வரிசைப்படி இந்த வருடம் ஒராலியாவின் முறை. அறுபதாவது விழா வேறு. எங்கள் ஊர் என்று அவள் சொல்ல வேண்டும், ஊரே கேட்டு ஆமாம் என்று கை தட்ட வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

அந்த ஆசைக்காக அவள் கொடுத்த விலை சின்னது இல்லை. பத்து வருடத்துக்கு முன் தம்பி நெஸ்டோர் மெயின் தெருவில் மெக்சிகோ மடிப்பு ரொட்டியான டாக்கோ விற்கக் கடை போட இடம் பிடித்தான். கூரை சரிவு, பால்கனி, ஜெரேனியம் எல்லாவற்றுக்கும் சரி என்றான். பலகையில் மட்டும் அம்மாவின் பேரும், பக்கத்தில் மஞ்சளும் ரோஸும் அடித்த ஒரு சேவலும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். குழுவில் ஐந்து பேர். இறகு செருகிய ஒரு பச்சைத் தொப்பியில் ஆளுக்கொரு சீட்டை மடித்துப் போடுவார்கள். அப்போதும் வெல்டாதான் தலைவி, அவள் பிரித்துப் பார்த்து முடிவை மட்டும் சொல்வாள். எண்ணிக்கையை வெளியில் சொல்கிற வழக்கம் இல்லை.

முந்தின நாளே வெல்டா வந்து, "மத்த மூணு பேரும் வேண்டாம்னுதான் போடப் போறாங்க. நான் ஒருத்தி என்னத்தப் போட்டா என்ன? நீ சரின்னு போட்டா தம்பிக்காகப் போட்டான்னு உன் பேர்தான் கெடும். நாளைக்கு விழாத் தாய் முறை வர்றப்ப இதையே புடிச்சுப்பாங்கடி" என்றாள். ஒராலியா ராத்திரி முழுக்கத் தூங்காமல், கடைசியில் வேண்டாம் என்று எழுதிப் போட்டாள். கடை இல்லை என்று முடிவானது. நெஸ்டோர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஊருக்குப் போய்விட்டான். அம்மாவின் சவ அடக்கத்தில் பார்த்ததோடு சரி. ஊர் மேல் கோபம், ஆறிவிடும் என்று ஒராலியா தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பத்து வருடத்தை ஓட்டிவிட்டாள்.

விழாவுக்கு இரண்டு வாரம் இருந்தது. வெல்டாவின் மோட்டல் சாப்பாட்டு அறையில் குழு கூடியது. சியாட்டிலில் இருந்து ஸ்கைலர் என்று ஒரு பெண் வந்திருந்தாள். ஊர்களுக்கு விளம்பர யோசனை சொல்லுவது அவள் வேலை. முப்பது வயது இருக்கும், கிழிந்த மாதிரி தைத்த ஜீன்ஸ், பார்க்கிறவர்களை எல்லாம் ரொம்ப நாள் தெரிந்தவர்கள் மாதிரி பார்க்கிற சிரிப்பு.

"உங்க ஊர் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு," என்று ஆரம்பித்தாள். "ஆனா இப்ப வர்றவங்களுக்கு வேஷம் புடிக்கறதில்ல. 'போலி பவேரியா'ன்னு இணையத்துல நக்கல் அடிக்கறாங்க. அவங்களுக்கு நிஜம் வேணும். நிஜமான மனுஷங்க, நிஜமான வேர்."

"எங்க பூத்தொட்டியெல்லாம் நிஜம்தாம்மா," என்றாள் ஒராலியா. "தினம் காலைல நான்தான் தொட்டுப் பாக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்கைலர்தான் அதிகமாகச் சிரித்தாள். பிறகு சுவரில் படம் காட்டினாள். இந்த வருடம் ஊர்வலத்தில் 'நம் வேர்கள்' என்று புதிதாக ஒரு வரிசை. ஆளாளுக்கு அவரவர் முன்னோர் உடையில் வர வேண்டும். நூலகத்து லீ அம்மாள் சிவப்புப் பட்டில். பெட்ரோல் பங்க் படேல் தம்பதி தலைப்பாகையிலும் சேலையிலும். அந்த மனிதர் ஆயுளில் தலைப்பாகை கட்டியதில்லை. கடைசிப் படத்தில் ஒராலியா.

போன வருட விழாப் போட்டோவிலிருந்து அவள் தலையை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். கூந்தலில் பெரிய பெரிய பூக்கள், கீழே ஏழு நிறத்தில் சுருக்கு வைத்த அகலப் பாவாடை. முகம் அவளுடையது. கழுத்துக்குக் கீழே இருந்தவள் யாரோ.

"இந்த வரிசைக்கு நீங்கதான் தலைமை!" என்றாள் ஸ்கைலர். "மேடையில ஏறி உங்க சொந்த மொழியில நாலு வார்த்தை பேசணும்."

ஒராலியா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சரி, அப்ப வண்டில யாரு?"

 வெல்டா ஒரு காகிதத்தை எடுத்து ஊன்றிப் படித்தாள். அதன் பின்பக்கம் மட்டும்தான் அச்சாகியிருந்தது. அவள் படித்த பக்கம் வெறும் வெள்ளை.

"வண்டி பவேரியா பாரம்பரியத்தைக் காட்டறது இல்லையா?" என்றாள் ஸ்கைலர். "அதுல வெல்டா உக்காந்தா கதை பொருந்தி வரும்."

"வெல்டா நெப்ராஸ்காக்காரி."

"தெரியும். ஆனா பாக்கறதுக்கு…" என்று சொல்லி ஸ்கைலர் தன் கன்னத்தைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டாள். சொல்ல முடியாததை அமெரிக்காவில் இப்படித்தான் சொல்வார்கள்.

தொப்பி சுற்றி வந்தது. ஐந்து சீட்டு விழுந்தது. இந்தத் தடவை வழக்கத்தை மீறி வெல்டா எண்ணிக்கையைச் சத்தமாகவே படித்தாள். நாலு சரி, ஒன்று வேண்டாம். அந்த ஒன்று யாருடையது என்று கேட்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. வெல்டா ஒராலியாவின் முகத்தைப் பார்க்காமல் சீட்டுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கார் நிறுத்துகிற இடத்தில் வெல்டா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"கோவமாடி?"

"இல்ல. குளிர்காத்து, அதான் கண்ணுல தண்ணி வருது."

"இங்க பாரு. உனக்கு மரியாதைதான்டி பண்றோம். இத்தனை வருஷம் உன் பண்பாட்டை நாங்க மறைச்சு வெச்சிருந்தோம்னு அந்தப் பொண்ணு சொன்னப்ப எனக்கு வெக்கமா போச்சு."

"எந்தப் பண்பாட்டை? மெக்சிகோவை நான் மேப்புலதான்டி பாத்திருக்கேன்."

"பவேரியாவை நானும் மேப்புலதான் பாத்திருக்கேன்."

"அப்ப உனக்கு மட்டும் எப்படிப் பொருந்துது?"

வெல்டா கார் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய பாட்டன் அயர்லாந்து, பாட்டி போலந்து, மீதியை அவளே மறந்துவிட்டாள். அது எல்லாம் ஒராலியாவுக்குத் தெரியும்.

"அது என் முறைடி, வெல்டா," என்றாள்.  "இருபத்திரண்டு வருஷம் ஒரு கூட்டம் தப்பாம வந்திருக்கேன். நீ வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"என்னன்னு சொல்லச் சொல்ற? நான் எதிர்த்துப் பேசினா ஒராலியாவை அவ வேரோட வர விடமாட்டேங்கறான்னு என்னைத்தான் குத்தம் சொல்வாங்க. காலம் மாறிப்போச்சுடி. நெஸ்டோர் கூட ஒத்துக்கிட்டான்."

"எந்த நெஸ்டோர்?"

"உன் தம்பிதான். சதுக்கத்துல அவனுக்கு ஒரு கடை. சேவலோட! தொப்பில ஒரு சீட்டு கூட விழல, நானே சரின்னுட்டேன். உனக்குச் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன்."

 எந்தச் சேவலுக்காகத் தம்பியைத் துரத்தினாளோ, அதே சேவலைக் கூப்பிட்டு நடுச் சதுக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். அதுவும் அவளுக்குச் சந்தோஷமாக இருக்குமாம். ஒராலியா வீட்டுக்குப் போகவில்லை. காரை ஆற்றுப் பக்கம் திருப்பினாள்.

அக்கரையில் தம்பி கடையில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்திருந்தது. நெஸ்டோர் கடைக்குள் தனியாக நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. அக்காவைப் பார்த்ததும் கத்தி நின்றது, பிறகு மறுபடி ஓடியது.

"வாக்கா. எங்க பலகைல எழுத்து சரியில்லன்னு நோட்டீஸ் குடுக்க வந்தியா? இது வேற ஊரு. உன் நோட்டீஸ் இங்க செல்லாது."

"குத்திக் காட்டாதடா. அவங்க கூப்பிட்டதும் போறியாமே."

"போறேன். மெக்சிகோக்காரங்க போடற சோம்ப்ரேரோ தொப்பி போட்டுக்கிட்டு நிக்கணுமாம். போட்டுக்கறேன். அவங்களுக்குத் தொப்பி வேணும், எனக்கு வியாபாரம் வேணும். இதுல யாரும் யாரையும் ஏமாத்தல."

"அந்த ஊர் உன்னை வேண்டாம்னு சொல்லிச்சே, அந்தக் கோவம் போயிடுச்சா?"

நெஸ்டோர் கையைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். "ஊர் எங்கக்கா சொல்லிச்சு? நீதான சொன்ன."



அவன் கல்லாவைத் திறந்து, அடியில் இருந்து பழுப்பேறிய ஒரு சீட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தான். வேண்டாம் என்று கொழுத்து வளைந்த எழுத்தில் இருந்தது. கடைப் பலகைக்கு எழுதி எழுதிப் பழகிப்போன அவளுடைய கை. அந்த எழுத்தை அந்த ஊரில் வேறு யாருக்கும் அவ்வளவு அழகாக எழுத வராது.

"மறுநாளே வெல்டா வந்தா. அஞ்சு சீட்டையும் இப்படி வரிசையா வெச்சா. ரெண்டு சரி, மூணு வேண்டாம். 'நான் சரின்னுதான் போட்டேன், இன்னொருத்தரும் போட்டாரு, உங்க அக்கா போட்டிருந்தா நடந்திருக்கும், என்னால என்ன பண்ண முடியும்'னு என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா. அப்பவே அவ மோட்டல் சாப்பாட்டு ரூமுக்கு நேர் எதிர்ல என் கடை வருதேன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. அவ சரின்னு போட்டாளா இல்லையான்னு சாமிக்குத்தான் வெளிச்சம். ஆனா நான் எடுத்து வெச்சுக்கிட்ட உன் சீட்டு பொய் இல்லையே."

"மத்தவங்க எல்லாரும் வேண்டாம்னு போடப் போறாங்கன்னு அவதான்டா சொன்னா! நான் போட்டு என்ன ஆகப் போகுதுன்னு…"

"சரி, அவ சொன்னா. எழுதின கை யாரோடதுக்கா?"

 ஒராலியா ஸ்டூலில் உட்கார்ந்தாள். பத்து வருடமாகத் தம்பிக்கு ஊர் மேல் கோபம் என்று நினைத்தாள். கோபம் அவள் மேல். அதை மூட்டிவிட்டவள் அன்றைக்குச் சாயங்காலமே வந்து அவளோடு உட்கார்ந்து காபி குடித்து, தம்பி ஒரு நாள் திரும்பி வருவான் என்று ஆறுதலும் சொன்னாள். பத்து நாள் கூடப் படுத்துக்கொண்டவள். ஏப்ரனை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிவிட்டதெல்லாம் இவளுக்குத்தானா என்று நினைத்தபோது ஒராலியாவுக்கு அழுகையை விட அசிங்கமாக இருந்தது.

"நீ ஏன்டா என்கிட்ட கேக்கல?"

"நீ ஏன் சொல்லல?"

 நெஸ்டோர் ஒரு தட்டில் இரண்டு டாக்கோ வைத்து அவள் பக்கம் தள்ளினான். மன்னித்துவிட்டான் என்று அதற்கு அர்த்தம் இல்லை. பசித்து வந்தவளுக்குப் போட்டான், அவ்வளவுதான்.

"ஊருக்கு முன்னாடி சொல்லப் போறேன்," என்றாள் ஒராலியா. "நடந்தது எல்லாத்தையும். நான் பண்ணினதையும் சேத்து."

"யார் கேப்பா?"

"மைக்கை என் கையில குடுக்கப் போறாங்களே. கேட்டுத்தானே ஆகணும்."

வெளியில் வந்து வெல்டாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பாவாடையை அனுப்பிவை என்றாள். வெல்டாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எனக்குத் தெரியும்டி, நீ புரிஞ்சுப்பேன்னு!" என்றாள்.

பாவாடை ஒரு வாடகை உடைக் கடையிலிருந்து வந்தது. இடுப்பில் இரண்டு ஊக்கு குத்த வேண்டியிருந்தது. கூந்தல் பூ துணிப் பூ. விழாவன்று காலை அந்தக் கோலத்தில் அவள் மெயின் தெருவில் நடந்தபோது, அவளிடம் நடனம் கற்ற பெண்கள் எல்லாம் டிர்ன்டலில் ஓடி வந்து, "எவ்வளவு அழகா இருக்கீங்க, இப்பதான் நீங்க நீங்களா இருக்கீங்க" என்றார்கள். அவள் ஒவ்வொருத்தியின் முடிச்சையும் பார்த்தாள். எல்லாம் சரியான பக்கம் இருந்தது. 

முன்னால் நாலு குதிரை வண்டியில் வெல்டா. அவளுக்கு எதிர்வெயிலில் கண் கூசியது, ஆனால் கையை ஆட்டிக்கொண்டே போனாள். பின்னால் நடந்தவர்களில் படேல் தலைப்பாகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "அவிழ்ந்தா என்னங்க பண்றது, எனக்குத் திருப்பிக் கட்டத் தெரியாதே" என்று ஒராலியாவிடம் கவலைப்பட்டார். வேறு நாளாக இருந்தால் அவள் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள்.

சதுக்கத்தில் ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். ஒரு மூலையில் மஞ்சளும் ரோஸுமாகச் சேவல் பலகை, அதன் கீழே பெரிய தொப்பியில் நெஸ்டோர். வெல்டா சுத்தியலால் குழாயை அடித்து இறக்கினாள். மூன்று அடி பிடித்தது. "எங்கள் ஊருக்கு வாருங்கள்" என்றாள். கூட்டம் ஆரவாரம் செய்தது. பிறகு அவளே மைக்கில், "நம்ம அருமை ஒராலியா, மெக்சிகோவோட பொண்ணு! அவங்க சொந்த மொழியில நம்மை வரவேற்பாங்க" என்று கூப்பிட்டாள்.

ஒராலியா மைக்கை வாங்கினாள். 

"அந்த மொழி எனக்குத் தெரியாது," என்றாள். கூட்டம் சிரித்தது. "நிஜமாவே தெரியாது. பத்து வரைக்கும் எண்ணுவேன். நான் மெக்சிகோவோட பொண்ணு இல்ல. இதோ இந்த வங்கி இருக்கற இடத்துல அப்ப மில் இருந்துச்சு, அதுக்குப் பின்னாடி ஒரு கிளினிக், அங்க பிறந்தேன். உங்களை வரவேற்ற வெல்டா நெப்ராஸ்கால பிறந்தவ. இன்னைக்கு அந்த வண்டில நான் உக்காந்து வந்திருக்கணும். அது என் முறை. மூஞ்சி பொருந்தலன்னு எடுத்துட்டாங்க."

சிரிப்பு அடங்கியது. போன்கள் ஒவ்வொன்றாக உயர்ந்தன.

"இந்தப் பாவாடை வாடகைப் பாவாடை. இடுப்புல ஊக்கு குத்தியிருக்கேன். இந்த ஊருக்கு நாப்பது வருஷம் உழைச்சேன். யாரு வேணா யாரா வேணா ஆகலாம்னு சொன்னீங்க, நம்பினேன். ஆனப்புறம், இல்ல, நீ பழையபடி அங்கயே போன்னு சொல்றீங்க. எங்க போறது? எனக்கு அங்க யாரையும் தெரியாதே! அதோ நிக்கறான் பாருங்க, என் தம்பி. எங்கம்மா பேர் போட்ட பலகை வெக்கணும்னு கேட்டான். வேண்டாம்னு சீட்டு போட்டது நான். இந்த ஊர் என்னைச் சேத்துக்கணும்னு அவனைத் தொலைச்சேன். அப்படிப் போடச் சொன்னவ இங்கதான் நிக்கறா, என் பக்கத்துல. மறுநாள் என் சீட்டை அவன்கிட்ட கொண்டு போய் காட்டினதும் அவதான். முப்பத்தெட்டு வருஷம் என் வீட்டுல சாப்பிட்டவ. என் கழுத்தை அறுத்தவ. எனக்குச் சொந்த மொழின்னு ஒண்ணு இருக்குன்னா அது இந்த இங்கிலீஷ்தான். உங்க மொழி. இதுல சொன்னாக்கூட உங்களுக்குக் கேக்காதா?"

 மைக்கைக் கீழே இறக்கினாள்.  சொல்லிவிட்டேன், கேட்டுவிட்டார்கள் என்று அவளுக்கு மார்பு லேசானது.

அப்புறம் கைதட்டல் எழும்பியது. முன் வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று தட்டினாள். அவளைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். பாதிக் கூட்டம் திரும்பி, அந்தத் தம்பியின் கடை எங்கே என்று தேடிக்கொண்டு சேவல் பலகையைப் பார்த்து நகர்ந்தது. நெஸ்டோர் ஒரு கணம் அக்காவைப் பார்த்தான். அவன் கை தட்டவில்லை. அதற்குள் அவன் முன்னால் வரிசை நின்றுவிட்டது, அவன் குனிந்துகொண்டான்.

வெல்டா வந்து அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வெல்டாவின் கன்னம் ஈரமாக இருந்தது. கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது.

"நான் சொன்னது உனக்குக் கேட்டுதா?" என்றாள் ஒராலியா, அவள் காதில்.

"கேட்டுதுடி, கேட்டுது. அப்புறம் பேசலாம். போட்டோ எடுக்கறாங்க, கொஞ்சம் நிமிரு."

ஸ்கைலர் மேடைப் படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தாள். அவளுக்கும் மூக்கு சிவந்திருந்தது.

"ஒராலியா, எனக்குப் பேச்சே வரல! இதுதான், இதத்தான் நான் இத்தனை நாளா கேட்டுக்கிட்டே இருந்தேன். மூணு மணிக்கு சியாட்டில்லேர்ந்து ஆறு பஸ் வருது. இன்னொரு தடவை இதே மாதிரி பண்ணுவீங்களா? அந்தத் தம்பி விஷயம் வர்ற இடத்துல மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க. அங்கதான் எல்லாரும் அழுதாங்க."

ஒராலியா வெல்டாவைப் பார்த்தாள். இது ஒன்றும் காட்சி இல்லை, நடந்தது என்று அந்த மேடையில் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

"பண்ணுவா," என்றாள் வெல்டா. "அவளுக்கு இதெல்லாம் பழக்கம்."